லுவானி வேலி

காலையில் துணி காயப்போட முற்றத்துக்கு வந்த நசூனா, ஈரத்துணி வாளியை இடுப்பில் இடுக்கியபடியே நின்றுவிட்டாள். நேற்று மாலை வரை வேலிக்கு உள்ளே நின்ற அலங்காரப் பனங்கன்று இப்போது வேலிக்கு வெளியே நின்றது. கன்று நகரவில்லை. அதைச் சுற்றி அவள் கையாலேயே அடுக்கிய வெள்ளைக் கற்கள் கலையாமல் இருந்தன. வேலிதான் உள்ளே வந்திருந்தது. விடியலில் பெய்த மழையில் செம்மண் கரைந்து வாசற்படி வரை வழிந்திருந்தது. தகரக் கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டில் யாரோ வாழையிலை போர்த்தி மட்டோக்கே வாழைக்காய் வேகவைக்கிற வாசனை ஈரக்காற்றில் மெல்ல ஏறி வந்தது. எல்லாம் வழக்கம்போலவே இருந்தது, வேலியைத் தவிர.

"ஓச்சென்!" என்று கத்தினாள்.

தோட்டக்காரன் ஓச்சென் கொல்லைப்புறத்திலிருந்து புல்வெட்டும் கத்தியோடு வந்தான். வடக்குச் சீமைக்காரன், நாற்பது வயது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவன்.

"யாரக் கேட்டு வேலிய மாத்தி நட்ட?"

"நான் தொடலம்மா."

"நீ தொடாம அதுவா நடந்து வந்துச்சு?"

அவன் குனிந்து புல்லைப் பார்த்தான். நேற்று வேலி நின்ற இடத்தில் குழி இல்லை, மண் கிளறின தடம் இல்லை, புல் மட்டும் ஒரே சீராகக் கிடந்தது. அவன் எழுந்து கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "நடந்துதான் வந்திருக்கும்மா" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முகோனோவுக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது அந்த வீடு. நசூனாவின் கணவன் வலூசிம்பி நாட்டு எல்லை தாண்டி ஜூபாவுக்கு எண்ணெய் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வீடு கட்டி முடித்த கையோடு நசூனா தோட்டத்தில் இறங்கிவிட்டாள். அந்த மனையில் முன்பே ஒரு பலாவும் இரண்டு வெண்ணெய்ப்பழ மரமும் நின்றன. "காடு மாதிரி இருக்கு" என்று மூன்றையும் வெட்டினாள். சாலையோர நாற்றுப்பண்ணைக்காரன், கறுப்புப் பைகளில் வரிசையாக நின்ற கன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்து, "நிழலுக்கு ஒண்ணு, பூவுக்கு ஒண்ணு, பழத்துக்கு ஒண்ணு வைங்கம்மா, வீடு நிறைவா இருக்கும்" என்று பொறுமையாகச் சொன்னான். பழம் சந்தையில் கிடைக்கும் என்று அவன் வாயை அடைத்துவிட்டு, போனில் இருந்த படங்களைக் காட்டி ஆறு பனங்கன்று, ஊசிக்கூர்மையாக வளர்கிற இரண்டு ஊசியிலைச் செடி, காகிதப்பூ, பத்தை பத்தையாகப் புல் என்று ஏற்றிக்கொண்டு வந்தாள். வாசலுக்கு எதிரே இருபது தப்படி நீளம், பத்து தப்படி அகலத்தில் புல்தரை. அதைச் சுற்றி மஞ்சள் இலைச் செடியில் ஒரு குட்டை வேலி. அவள் மனக்கண்ணில் எல்லாம் பச்சைப்பசேலென்று இருந்தது. மஞ்சள் இலைச் செடிக்கு அது தெரியாதல்லவா, வெயிலில் ஒரே மாதத்தில் காய்ந்து குச்சி குச்சியாக நின்றது.

மே மாதக் கடைசியில் வலூசிம்பியின் தங்கைக்குப் பெண்கேட்புச் சடங்கு. மாப்பிள்ளை வீட்டார் நூறு பேர் வந்து இதே புல்தரையில் உட்காரப்போகிறார்கள். இந்தக் குச்சிகளையா அவர்களுக்குக் காட்டுவது? அப்படி வயிறெரிந்துகொண்டிருந்த நாளில்தான் பக்கத்து மனை அவள் கண்ணில் பட்டது. நபோசா வீட்டு மனை அது. அதன் கோடியில் மூன்று கல்லறைகள். மூன்றையும் சுற்றி, ஆளுயரத்துக்கு, சோளத்தோகை போன்ற அகல இலைகளோடு கரும்பச்சையாகச் செழித்து நின்றது லுவானி.

அந்த ஊரில் நிலத்தின் எல்லைக்கும் லுவானிதான் நடுவார்கள், கல்லறையைச் சுற்றியும் லுவானிதான் நடுவார்கள். தடியை ஒடித்துச் செருகினால் போதும், கல்லிலும் வேர் பிடிக்கும். எல்லையில் நிற்பதை வெட்டிக் கல்லறைக்கு நடலாம். கல்லறையில் நிற்பதை வெட்டி வேறெங்கும் நடுவதில்லை. நசூனாவும் அந்த ஊர்ப் பெண்தான், அவளுக்கும் இது தெரியும். தெரிந்தே செய்தாள். நபோசா வேறு ஊருக்குச் சாவுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், ஓச்சென் தள்ளுவண்டியில் நூற்றிருபது தடிகளை வெட்டிக்கொண்டு வந்து நட்டான். "அம்மா, அது கல்லறை வேலி" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "செடிக்கு என்ன தெரியும்?" என்றாள் அவள். வீட்டைப் பார்த்த பக்கத்தில் மட்டும் உள்ளே போகிறதற்கு ஒரு வாசல் விடச் சொன்னாள்.

நபோசா இரண்டு நாள் கழித்து வந்தாள். முச்சந்தியில் மரவள்ளி பொரித்து விற்கிறவள். எண்ணெய் வாசம் அவளுக்கு முன்னால் வந்தது. குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, என் புருஷன் தலைமாட்டுல நின்னத மொட்டையா வெட்டியிருக்காங்க. பாதியாவது திருப்பிக் குடுங்க, நட்டுக்கறேன்."

"செத்தவனுக்கு எதுக்கு வேலி? எழுந்து ஓடிடுவானா?"

நபோசா அந்தப் புது வேலியின் தடி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "ஓடமாட்டாருதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். நசூனா அன்று ராத்திரி இதைப் போனில் கணவனிடம் நடித்துக் காட்டிச் சிரித்தாள்.

அது நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. இப்போது பனங்கன்று வேலிக்கு வெளியே நிற்கிறது.

மழைக்காலம் அது. பெரும்பாலும் மத்தியானம் வெயில் மங்கும், விக்டோரியா ஏரிப் பக்கமிருந்து இருட்டு ஏறி வரும், அரைமணி நேரம் தகரத்தின் மேல் கூழாங்கல் கொட்டுகிற மாதிரி அடித்துவிட்டு ஓயும். ஒவ்வொரு மழை விட்டதும் நசூனா ஜன்னலுக்கு ஓடினாள். ஒவ்வொரு தடவையும் வேலி நாலு பக்கமும் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. இரண்டாவது பனை வெளியே போனது, மூன்றாவது போனது, காகிதப்பூ போனது. தடிகள் நெருங்க நெருங்க இடைவெளி குறைந்தது. முதலில் அரைத் தப்படிக்கு ஒன்றாக நின்றவை, பிறகு சாணுக்கு ஒன்றாக நின்றன. வீட்டைப் பார்த்த வாசல் மட்டும் அப்படியே விட்டபடி இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அவற்றின் வெள்ளைப் பூங்கொத்துகள் விரிந்து, தலைவலி வருகிற அளவுக்கு இனிப்பான ஒரு மணம் வீட்டுக்குள் வந்து திரைச்சீலைகளில் ஒட்டிக்கொண்டது. நட்டு ஒரு மாதம் ஆகாத தடி பூக்காது. நசூனா ஜன்னல்களை இழுத்துச் சாத்தினாள்.

ஒரு நாள் ஓச்செனை விட்டு எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னாள். பிடுங்கிக் கொல்லையில் குவித்தான். அடுத்த மழைக்குப் பிறகு குவியலைக் காணோம். நூற்றிருபதும் புல்தரையில், முன்னைவிட இன்னும் உள்ளே, வரிசை பிசகாமல் நின்றன. ஓச்சென் கத்தியைத் துடைத்துப் படியில் வைத்தான். அந்த மாதக் கூலியைக்கூடக் கேட்காமல் போய்விட்டான்.

அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. ஒரு வயது தாண்டித் தத்தித் தத்தி நடக்கிற மகள் நகிட்டோவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முச்சந்திக்கு ஓடினாள்.

"நபோசா, நீயே வந்து எடுத்துக்க. மொத்தத்தையும் எடுத்துக்க. நானே ஆள் வச்சுக் கொண்டாந்து நட்டுத் தரேன்."

நபோசா எண்ணெயிலிருந்து மரவள்ளியை அரித்து எடுத்துக் காகிதத்தில் கொட்டினாள். குழந்தைக்கு ஒரு துண்டை ஊதிக் கொடுத்தாள்.

"நான் புதுசு நட்டு வேர் பிடிச்சாச்சுக்கா. இனிமே எங்க எடத்துல எடமில்ல."

"அது சுருங்கிட்டே வருது."

"வரும். அதுக்கு ஒரு ஆள உள்ள வச்சுக் காவல் காத்துத்தான் பழக்கம். சும்மா நிக்கத் தெரியாது." உப்புத் தூவினாள். "செத்தவனுக்கு எதுக்குன்னு கேட்டீங்கல்ல? இப்ப என் புருஷன் கிட்ட இருந்த வேலை போயி உங்க வீட்டுல வந்து நிக்குது. நீங்களே ஒரு வேலை குடுங்க."

சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் பொட்டலம் மடிக்கத் தொடங்கினாள்.

மேலும் ஆறு மழை பெய்தது. வேலி ஓர் அறை அளவுக்கு வந்தது. பிறகு ஒரு கட்டில் அளவுக்கு வந்தது. அதற்குப் பிறகு நாலு நாள் வானம் வெளுத்துக் கிடந்தது, வேலியும் நின்றது. இப்போது அது என்ன அளவு என்று யாரும் நசூனாவுக்குச் சொல்லவேண்டியதில்லை. நின்றுவிட்டது, தன் அளவைக் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தாள். ஒரு வாழைநாரை எடுத்துச் சுவரில் சாய்ந்து நின்று தன் உச்சியிலிருந்து குதிகால் வரை அளந்து முடிச்சுப் போட்டாள். தோட்டத்துக்குப் போய், வேலிக்கு வெளியே நின்றபடி, நாரை நீளவாக்கில் பிடித்தாள். வேலி ஒரு சாணுக்கு மேல் நீளமாக இருந்தது.

நானில்லை. நானில்லை என்று வாய்விட்டுச் சொன்னாள். வெட்கமில்லாமல் சிரித்தாள். வலூசிம்பியாக இருக்குமோ என்று போன் போட்டாள். அவன் ஜூபாவில் ஆட்டுக்கறி தின்றுகொண்டிருந்தான். அவனோ வாசல்நிலையில் தலை இடிக்கிற உயரம், இது அவனுக்குப் போதாது. அப்படியானால் யார்?

அன்று சாயங்காலமே பதில் வாசலில் வந்து இறங்கியது. மாமியார் நலுன்கா, மசாக்காவிலிருந்து, மகளின் சடங்கு ஏற்பாடுகளைப் பார்க்கலாம் என்று ஒரு குலை வாழைக்காயோடு வந்திருந்தாள். நெடிய பெண்மணி. கணவனைவிட ஒரு பிடி உயரம் என்று கல்யாணத்தில் கேலி செய்தார்களாம். நசூனா முழங்காலிட்டு வணங்கினாள். எழும்போது கண்ணால் அளந்தாள்.

"இங்க ஒரு பலா இருந்துச்சே, எங்க?" என்றாள் நலுன்கா, உள்ளே வருமுன்பே. "அத வெட்டிட்டா இந்தத் தொடப்பக்கட்டைகள நட்ட? இதுல என்ன காய்க்கும், உன் திமிரா?"

"அழகுக்கு அத்தை."

"என் பையன் ஜூபாவுல புழுதி குடிக்கிறான், இவ அழகு வளர்க்கிறா." கிழவியின் பார்வை வேலியில் நின்றது. முகம் மாறியது. "அது என்னடி? யார் வீட்டு லுவானி?"

"பண்ணையில வாங்கினது. தோட்டக்காரன் மறுபடி பிரிச்சு நடறதுக்காக அப்படி நெருக்கி வச்சிருக்கான்."

"பண்ணையில வாங்கினதுன்னா சரி. சீக்கிரம் பிரிச்சு நடச் சொல்லு, பார்க்க நல்லா இல்ல."

சடங்குக்குப் புது கோமசி அங்கி தைக்கவேண்டும் என்று சாக்குச் சொல்லி, மறுநாள் காலை நசூனா மாமியாரை வாழைநாரால் அளந்தாள். தோள் அளவு எடுத்தாள், இடுப்பு எடுத்தாள், யாரும் கேட்காமலே உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் எடுத்தாள். "என்னடி, சவப்பெட்டிக்கா அளக்கிற?" என்று கிழவி சிரித்தாள். நசூனாவும் சிரித்தாள். அந்த முடிச்சை வேலியோரம் கொண்டுபோய்ப் பிடித்தபோது, தலைமாட்டில் நாலு விரல், கால்மாட்டில் நாலு விரல் மீந்தது. கச்சிதம்.

அவளுக்கு ஏற்பட்டது நிம்மதி. அதைச் சொல்ல வேறு வார்த்தை இல்லை. அன்று மீன்தலையை மாமியார் தட்டில் வைத்தாள். நிலக்கடலைக் குழம்பைத் தாராளமாக ஊற்றினாள். "ரெண்டு நாள்ல போயிட்டு அப்புறம் வரேன்" என்று கிழவி சொன்னபோது, கையைப் பிடித்துக்கொண்டு, "சடங்கு முடியறவரைக்கும் இருங்கத்தை, குழந்தை உங்கள விடமாட்டா" என்றாள். அதுவும் உண்மைதான். நகிட்டோ பாட்டியின் மடியைவிட்டு இறங்குவதில்லை. கிழவி புல்தரையில் பாய் விரித்து வேலிக்கு அருகில் உட்கார்ந்து, பேத்திக்கு வாழைநாரில் பந்து கட்டிக் கொடுத்தாள். நசூனா ஜன்னலிலிருந்து பார்த்தாள். கிழவி இருமினால் எண்ணினாள். துக்கத்துக்கு எத்தனை பேருக்குச் சமைக்கவேண்டியிருக்கும், சடங்கைத் தள்ளிப்போட வேண்டியிருக்குமா என்றுகூட யோசித்தாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மழை வந்தது.

இந்தத் தடவை அவள் ஜன்னலுக்கு ஓடவில்லை. அடுப்படியில் நின்று தேநீர் கலக்கினாள். மழை விட்டதும், கிழவிக்கு ஒரு கோப்பையை ஆற்றிக் கொண்டுபோகிற வழியில், சும்மா பார்த்தாள்.

கோப்பை கைநழுவியது.

வேலி சுருங்கியிருந்தது.

படியிறங்கி ஓடினாள். ஈரப்புல் வழுக்கியது. இடுப்பில் செருகியிருந்த நாரை உருவினாள். மாமியார் முடிச்சு வெளியே கிடந்தது. வெகு தூரம் வெளியே. தன்னுடைய முடிச்சும் வெளியே. தடிகள் இப்போது ஒன்றையொன்று தொட்டு நின்றன, சுவர் மாதிரி, விரல் நுழைய இடமில்லாமல். வாசல் மட்டும் திறந்திருந்தது. அதன் வழியே உள்ளே பார்த்தாள். புல். கொஞ்சம் புல். இரண்டு முழம் நீளம்கூட இல்லை.

வீட்டுக்குள் நகிட்டோ சிரித்தாள். பாட்டி ஏதோ சொல்ல, மறுபடியும் சிரித்தாள்.

நசூனாவுக்கு மூன்றாவது முடிச்சுப் போடக் கை வரவில்லை. போட வேண்டியதும் இல்லை. அந்த அளவு அவள் இடுப்புக்குத் தெரியும். பதினாலு மாதமாகச் சுமக்கிற அளவு.

உள்ளே ஓடினாள். மடியிலிருந்து குழந்தையைப் பிடுங்கினாள். பையில் கைக்குக் கிடைத்த துணிகளைத் திணித்தாள். வாடகை பைக் ஓட்டுகிறவனுக்குப் போன் போட்டாள்.

"ஏத்தம் பூரா சேறும்மா. ஒரு மணி நேரம் பொறுங்க."

"இப்பவே வா! எவ்வளவு வேணா தரேன்!"

"சேத்துக்குக் காசு புரியாதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

"என்னடி ஆச்சு உனக்கு? எங்க தூக்கிட்டுக் கிளம்பிட்ட?" என்றாள் நலுன்கா.

நடந்தே போய்விடலாம். ஆனால் கேட்டுக்குப் போகிற ஒற்றைப் பாதை அந்தப் புல்தரையைச் சுற்றிக்கொண்டு போகிறது. அவள்தான் அப்படிப் போடச் சொன்னாள், வருகிறவர்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே வரட்டும் என்று. குழந்தையோடு அந்த வேலி வாசலைக் கடந்து போகவேண்டும். இரண்டு படி இறங்கினாள். பூமணம் முகத்தில் அடித்தது. பகலில், மழை விட்ட ஈரத்தில், அத்தனை கொத்தும் விரிந்திருந்தது. மறுபடியும் படியேறிவிட்டாள்.

"அத்தை, அது நபோசா வீட்டுக் கல்லறை லுவானி."

கிழவி கையிலிருந்த நார்ப்பந்து கீழே விழுந்தது. எழுந்து கதவு வரைக்கும் வந்தாள். வேலியைப் பார்த்தாள். பேத்தியைப் பார்த்தாள். திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

ஏரிப் பக்கம் மறுபடி கறுத்தது.

அப்போதுதான் நசூனாவுக்கு அந்த நினைப்பு வந்தது. இன்னொரு தடவை நகரட்டும். இன்னும் ஓரடி. அப்படி நகர்ந்தால் அது ஒரு நாய்க்குக் கூடக் காணாது. கோழிக்கு, பூனைக்கு, யாருக்கோ. இவளுக்கு இல்லை. நகர்ந்தால் போதும். நேற்றுவரை எந்த மழையைச் சபித்தாளோ அதே மழைக்காகக் குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு வாசலில் நின்று கெஞ்சினாள். வா. பெய். நல்லா பெய்.

பெய்தது.

தகரம் அதிர்ந்தது. தோட்டம் மறைந்தது. வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. அவள் எண்ணினாள். நூறு. இருநூறு. குழந்தை அவள் தோளில் மூச்சுவிட்டது. கதகதப்பாக. ஆரோக்கியமாக. ஐந்நூறு.

மழை நின்றது.

திரை விலகியது.

ஆறு பனங்கன்றுகள். காகிதப்பூ. நனைந்த புல்தரை. நடுவில் வேலி.

அது நகரவில்லை.

ஓர் இலைகூட இடம் மாறவில்லை. நின்றுவிட்டது. திறந்த வாசலுக்குள் புல் இல்லை இப்போது. மண் முழங்கை ஆழத்துக்கு, ஓரம் பிசகாமல், நேராக இறங்கியிருந்தது. இவ்வளவு மழையில் ஒரு சொட்டும் உள்ளே விழவில்லை. அடியில் செம்மண் உலர்ந்து, பெருக்கிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது.

நகிட்டோ தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். அதைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் அந்தப் பக்கம் நீட்டி, இறக்கிவிடச் சொல்லிச் சிணுங்கினாள்.